வெர்லீன் தூக்கிப் பிடித்த அட்டை

வெர்லீன் டாக்கெட் இருபத்தாறு வருடமாகக் கென்டக்கி மலைச்சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பனியோ சேறோ, அவள் வண்டியில் ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட நிதானக்காரிக்குப் பாடகர் கிளீட் ராஸ்னிக்கைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டால் போதும், நிதானம் பறந்துவிடும். அமெரிக்கக் கிராமத்து மெட்டான கன்ட்ரி பாட்டு என்றால் அவளுக்குக் கிளீட்தான். அவர் கச்சேரிக்கு நாற்பத்து மூன்று முறை போயிருக்கிறாள்.

இந்த வருடம் ரசிகர்களின் முகநூல் குழுவில் ஒருவன் கொளுத்திப் போட்டான். கிளீட்டுக்கு ஞாபகம் தப்புகிறதாம். காலடியில் வைத்த திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்துத்தான் பாடுகிறாராம். வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரை வைக்காத பாடகன் எவன் என்று எழுதினாள். அவன் விடவில்லை, இவளும் விடவில்லை. கடைசியில், "சனிக்கிழமை எங்க ஊர் பொருட்காட்சியில பாடறாரு. திரையிலயே இல்லாத பாட்டக் கேட்டுப் பாட வெக்கறேன். வீடியோ போடறேன். பாத்துட்டு வாய மூடிக்கோ" என்று சவால் விட்டாள்.

எந்த ஊரில் என்ன பாடினார் என்ற பட்டியலை ரசிகர்கள் அன்றன்றே போட்டுவிடுவார்கள். இந்த வருடம் எந்தப் பட்டியலிலும் வராத பழைய பாட்டாக, 'ரெண்டாம் ஷிப்டு விடும் வரைக்கும்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் கணவன் ஆர்பின் அவளைச் சுற்றித் திரிந்த காலத்தில் முணுமுணுத்த பாட்டு அது. பெரிய மஞ்சள் அட்டையில் கறுப்புப் பெயின்டால் அதை எழுதி, நாத்தனார் ஒனீடாவையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, இந்த எழுத்தப் பாத்தா ஸ்கூல் பஸ்ஸே வந்து நிக்கற மாதிரி இருக்கு."

"அவருக்குத் தெரிய வேணாமா? நீ போனை ஆட்டாம பிடி. போன வருஷம் எடுத்ததுல பாதி உன் கட்டைவிரல்தான்."

கிளீட்டுக்கு எழுபத்தாறு வயது. எட்டுப் பாட்டு பிசிறில்லாமல் பாடினார். வெர்லீனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அட்டையைத் தூக்கினாள். பக்கத்தில் பிடில் வாசித்துக்கொண்டிருந்த கிளீட்டின் மகள் மார்வா அதைப் பார்த்துவிட்டு லேசாகத் தலையை ஆட்டினாள். அடுத்த முறை மேடை விளிம்புக்கே வந்து, வெர்லீனை நேராகப் பார்த்து, சத்தமில்லாமல் 'வேண்டாம்' என்று வாயசைத்தாள்.

வெர்லீனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருட ரசிகைக்கும் அவருக்கும் நடுவில் இவள் யார்? பெஞ்சின் மேல் ஏறி நின்று இன்னும் உயரத் தூக்கினாள்.

கிளீட் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. "இங்க பாருங்கய்யா, இந்தம்மா எந்தப் பாட்டக் கேக்கறாங்கன்னு."

மார்வா ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். "எம் பாட்டு எனக்குத் தெரியாதா, போம்மா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் ஆரவாரித்தது.

முதல் சரணம் தேனாக வந்தது. வெர்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எடுக்கறியா?"

"எடுக்கறேன் அண்ணி."

இரண்டாவது சரணத்துக்குக் கிளீட் காலடியைப் பார்த்தார். அங்கிருந்த திரையில் ஒன்றுமில்லை. முதல் சரணத்தையே மறுபடி எடுத்தார், பாதியில் நின்றார். வாத்தியங்கள் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். அந்தப் பழைய பாட்டு யாருக்குத் தெரியும்? நாலாயிரம் பேரும் கம்மென்று இருந்தார்கள். வேறு நிறுத்தத்தில் இறங்கிவிட்ட சின்னப் பிள்ளையின் முகத்தை வெர்லீன் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதே முகம் இப்போது மேடையில் இருந்தது. மார்வா எதற்குத் தலையை ஆட்டினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

வெர்லீன் இரண்டாவது சரணத்தைப் பாடினாள். கடைசி சீட்டுப் பையனை அதட்டிப் பழகிய கட்டைக்குரல். கிளீட் அவள் வாயையே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக அவள் பின்னாலேயே பாடினார். எப்படியோ பாட்டு முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"காப்பாத்திட்டீங்க அண்ணி" என்று ஒனீடா மூக்கைச் சிந்தினாள். அட்டை இன்னும் தன் தோளில் சாய்ந்திருப்பதுகூட வெர்லீனுக்கு நினைவில்லை.

கிளீட் தண்ணீர் குடித்தார், தொப்பியைச் சரிசெய்தார், கூட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இங்க பாருங்கய்யா, இந்தம்மா எந்தப் பாட்டக் கேக்கறாங்கன்னு."

கூட்டம் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தது. மார்வா சிரிக்கவில்லை. வெர்லீன் அட்டையை இரண்டாக மடக்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"போனை நிறுத்துடி."

ஒனீடா நிறுத்தினாள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான போன்கள் உயர்ந்திருந்தன, அவற்றை யார் நிறுத்துவது?

"எங்க போய்ட்டாங்க அந்தம்மா?" கிளீட் நெற்றியில் கை வைத்துத் தேடினார். "கையத் தூக்குங்கம்மா, உங்களுக்காகத்தான் பாடப்போறேன்."

வெர்லீன் குனிந்துகொண்டாள். நாற்பத்து நாலு கச்சேரியில் முதல் முறையாக, அவர் கேட்டும் அவள் கையைத் தூக்கவில்லை.