வட்டம் பிசகாத மேசை

ஹால்டர்ஸ்பியின் சந்தைத் தெருவில் என் ரொட்டிக்கடைக்கு நேர் எதிரே சோவர்பி தம்பதியின் கடை இருந்தது. பழைய மேசை, நாற்காலி, அலங்காரக் கடிகாரம், எல்லாமே ரீஜன்சி காலத்தவை. நெப்போலியனோடு சண்டை நடந்த அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தியதையோ பிந்தியதையோ கிளிஃபர்ட் சோவர்பி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வாள் மாதிரி வளைந்த கால்கள் வைத்த நாற்காலிகளும், பித்தளைக் கம்பி பதித்த மேசைகளும், கணப்புக்கு மேலே வைக்கிற தங்க முலாம் கடிகாரங்களுமாகக் கண்ணாடி ஜன்னல் மின்னும். நான் மாவு பிசைந்துகொண்டே பார்ப்பேன்.

ஆலிவ் அவர் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. கல்யாணத்துக்கு முன்னால் சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். கிளிஃபர்ட் ஒரே படத்துக்கு நாலு தடவை வந்துதான் அவளிடம் பேச்சுக் கொடுத்தாராம். ஏலத்துக்குப் போவது, வாங்குவது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அவர். துடைப்பது, திங்கட்கிழமை காலையில் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பது, சாமானில் தொங்கும் சீட்டுகளை எழுதுவது எல்லாம் இவள். ஆலிவின் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். “நான் வாயால பேசறேன், விக்கிறது என்னமோ ஆலிவ் மூஞ்சிதான்” என்று கிளிஃபர்ட் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது உண்மைதான். அந்த முகத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

1981 மார்ச்சில், ஒரு பெரிய வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு முன் பார்க்கப் போன இடத்தில், ஒரு நாற்காலியைக் கவிழ்த்துக் குனிந்து பார்த்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ‘பாத்த வேலையிலயே போயிட்டார், கொடுத்து வைத்தவர்’ என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து ஆலிவ் கடையைத் திறந்து தானே உட்கார்ந்தாள்.

மே மாதம் ஒரு வக்கீல் மனைவி வந்து வட்டமான ஒரு ரோஸ்வுட் மேசையைப் பிடித்திருக்கிறது என்றாள். மேலே போட ஒரு கண்ணாடி வெட்டித் தரவேண்டும் என்று கேட்டாள். அவள் போன பிறகு ஆலிவ் அளந்தாள். கொஞ்ச நேரத்தில் என் கடைக்கு வந்து, “உன் அளவு நாடாவைக் குடு, என்னோடது இழுபட்டுப் போச்சு போல” என்றாள்.

நானும் கூடப் போனேன். மரத்தின் ரேகை ஓடும் வாக்கில் நாலடி இரண்டங்குலம். ரேகைக்குக் குறுக்கே வைத்தால் அதே நாலடி இரண்டங்குலம். மயிரிழை வித்தியாசம் இல்லை. கண்ணாடி வெட்டுகிறவனுக்கு வேலை சுலபம் என்றேன். ஆலிவ் அங்கேயிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மரம் வயசாக ஆக ரேகைக்குக் குறுக்கே சுருங்கும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். நூற்றறுபது வருஷத்து வட்ட மேசை முழு வட்டமாக இருக்கவே முடியாது, துளி முட்டை வாக்கில்தான் இருக்கும். தேனிலவுக்குப் போன ஓட்டலில், கூடத்து மேசையைக் கைக்குட்டையால் அளந்து காட்டி அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே கிளிஃபர்ட்தான்.

இரண்டு பேருமாக மேசையைக் கவிழ்த்தோம். அடிப்பலகை அழுக்கேறி, நன்றாகப் பழசாகத்தான் தெரிந்தது. ஆலிவ் ஒரு திருகாணியைக் கழற்றினாள். நுனி கூராக, மெஷினில் செய்தது; அந்தக் காலத்துத் திருகாணிக்கு நுனி மொட்டையாக இருக்கும். விரலை நக்கிப் பலகையில் தேய்த்தாள். பூசிவைத்த அழுக்கு விரலோடு வந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அங்கே லென் டக்ஸ்ஃபோர்ட் முப்பது வருஷமாக மரவேலை செய்துவந்தான். அதிகம் பேசாதவன். உடைந்த கால், கழன்ற இழுப்பறை எல்லாம் அவன் கைக்குத்தான் போகும். நாங்கள் போனபோது பெஞ்சில் உட்கார்ந்து மத்தியான ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

“லென், முன்னால இருக்கே அந்த வட்ட மேசை, அதோட மேல்பலகை யார் செஞ்சது?”

அவன் ரொட்டியைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினான். “நான்தான் மிசஸ். கால் பழசு. பலகை போன வருஷத்துது.”

“இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?”

லென் அவள் முகத்தையே பார்த்தான். “உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சுட்டிருந்தேன். சீட்டெல்லாம் நீங்கதானே எழுதுனீங்க.”

ஆலிவ் அழவில்லை. திரும்பி நடந்து, கடைக் கதவைச் சாத்தி, ‘மூடியிருக்கிறது’ பலகையை மாட்டினாள். கடிகார முகப்பின்மேல் குனிந்து, பூதக்கண்ணாடியும் மெல்லிய தூரிகையுமாகக் கிளிஃபர்ட் உட்கார்ந்திருந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாளாம். உதிர்ந்த எழுத்தைச் சரிசெய்கிறார் என்று நினைத்தாளாம். “நினைச்சேனா, இல்ல அப்படி நினைச்சுக்கிட்டா வசதின்னு இருந்தேனா, எனக்கே தெரியல” என்றாள் என்னிடம்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், லென்னும் அவளும் கடையிலிருந்த ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். லென் எதையும் மறைக்கவில்லை. நாற்பத்துச் சொச்சத்தில் பத்தொன்பது கோளாறானவை. ஒவ்வொன்றுக்கும் ஆலிவ் புதுச் சீட்டு எழுதினாள். ‘கால்கள் 1815 வாக்கில். மேல்பலகை 1980, பின்கொட்டகையில் லென் டக்ஸ்ஃபோர்ட் செய்தது.’ ‘நாற்காலி ஆறு. அதில் நாலு அசல், மற்ற இரண்டும் ஜோடி சேர்க்கப் புதிதாகச் செய்தவை. எது எது என்று கேட்டால் காட்டுவோம்.’ விலையையும் அதற்கேற்றபடி வெட்டினாள். கடை திறந்த அன்று தெருவே ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு படித்தது.

இரண்டாம் நாள் ஜெர்வேஸ் லில் பூங்கொத்தோடு வந்தார். மேட்டுத் தெருவில் ஊரிலேயே பெரிய பழம்பொருள் கடை அவருடையது. நான் டீயோடு சாப்பிடப் பழரொட்டி கொண்டுபோயிருந்தேன். இவ்வளவு துக்கத்தில் ஆலிவ் அவசர முடிவுகள் எடுக்கக்கூடாது, கொஞ்ச நாள் கடலோரம் போய் ஓய்வெடுக்கலாம் என்று சுற்றி வளைத்துப் பேசினார். அவள் டீ ஊற்றினாள். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“இங்க பாரு கண்ணு, உன் சீட்டைப் படிச்சிட்டு எங்க கடைக்கு வர்றவனும் நாற்காலியைக் கவுத்துக் கவுத்துப் பாக்கறான்.”

“பாக்கட்டுமே ஜெர்வேஸ். உங்க நாற்காலிக்கு என்ன பயம்?”

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். பூங்கொத்து நன்றாயிருந்தது. அதை நான் என் கடையில் வைத்துக்கொண்டேன்.

கடையிலிருந்ததைச் சரிசெய்தாயிற்று. ஏற்கனவே விற்றுப்போனவை? லென்னுக்கு நினைவிருந்தவரை எழுதிப் பார்த்ததில் பதினான்கு வீடுகள் வந்தன. நேரில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றாள் ஆலிவ். திருப்பித் தர நேர்ந்தால் கையில் பணம் வேண்டுமென்று கிளிஃபர்டின் காரை முதலில் விற்றுவிட்டாள். ஆகவே புதன்கிழமைகளில், கடைகள் பாதிநாளில் மூடிய பிறகு, என் ரொட்டி வண்டியில்தான் போனோம். வாசலில் இறங்கும்போது இரண்டு பேர் மேலும் மாவு வாசனை அடிக்கும்.

ஒரு டாக்டர் எங்களைத் திருடர்கள் என்று கத்தி, வக்கீல் கடிதமும் அனுப்பினார். அவர் மேசை திரும்பி வந்தது, பணம் போனது. ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. ஒரு அம்மாள், விருந்தாளிகளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றாள்.

டார்கஸ் ராக் என்ற பண்ணைக்காரி வேறு மாதிரி. புருஷன் போன பிறகு தனியாகவே ஐம்பது மாடுகளைக் கட்டி மேய்க்கிறவள். பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியை வெட்டி எங்கள் முன் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அந்த மேசைக்கடியிலதான் எங்க நாய் ரெண்டு ஈத்து குட்டி போட்டிருக்கு. நெப்போலியன் காலத்துதுன்னு பயந்து பயந்து துடைச்சுட்டிருந்தேன். இனிமே நிம்மதியாக் காலைத் தூக்கி மேல வெப்பேன்.” பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “அது சரி, ஏமாத்துனது அந்த ஆளு. நீ எதுக்கு தாயி வீடு வீடாப் போயி வசவு வாங்கற?”

“கையெழுத்து என்னோடதாச்சே” என்றாள் ஆலிவ்.

டார்கஸ் இன்னொரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தாள்.

ஆம்ப்ரோஸ் பிண்டரின் வீட்டை ஆலிவ் கடைசிவரை தள்ளிப் போட்டாள். அவர் எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியர். நானும் அவரிடம் படித்தவள்தான். அவர் ஓய்வுபெற்றபோது ஊரே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, லண்டனின் பெரிய கடிகாரக்காரர் பெயர் எழுதிய ஒரு மேசைக்கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தது. கருங்காலி நிறப் பெட்டி, உச்சியில் பித்தளை அன்னாசி, வெள்ளை முகப்பு. கிளிஃபர்ட் கடையில்தான் வாங்கினோம். அந்தப் பெயர் பொய் என்று சொன்னால் அது அவரோடு போகாது, ஊருக்கே சொன்ன மாதிரி.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை போனோம். எழுபத்தொன்பது வயது அவருக்கு. ஆலிவ் நின்றபடியே சொல்லி முடித்தாள். கடிகாரம் வேலை செய்கிறதா, மணி தவறுகிறதா என்று மட்டும் யோசித்தவர்போலக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றாள்.

“யார்கிட்ட தருவ? முந்நூறு பேர் போட்ட காசு. அதுல பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, பென்னி பென்னியாப் போட்டது.” எழுந்து போய் முகப்புக் கண்ணாடியைத் திறந்தார். “எனக்கு ஒண்ணு மட்டும் செய். இந்தப் பொய்ப் பேரை அழிச்சுக் குடு. வெறும் முகப்பா இருந்தாலும் பரவால்ல. தினம் மணி பாக்கறப்ப இதைப் படிக்க முடியாது என்னால.”

அடுத்த புதன்கிழமை லென் டக்ஸ்ஃபோர்டும் எங்களோடு வண்டியில் ஏறினான். வரவேண்டாம், கடிகாரத்தைக் கடைக்கே எடுத்துவரலாம் என்று ஆலிவ் சொல்லியிருந்தாள். அவன்தான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தான்.

“டக்ஸ்ஃபோர்ட். பின் பெஞ்சு. மரவேலையைத் தவிர ஒண்ணுலயும் தேறல” என்றார் பிண்டர்.

“ஆமா சார்.”

“அதையாவது ஒழுங்காச் செஞ்சிருக்கலாம்.”

லென்னின் காது சிவந்தது. “செஞ்சிருக்கலாம் சார்” என்றான். ஐம்பத்தெட்டு வயது ஆள். அவன் நின்ற நிலையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மெதுவாகத் துடைத்தான். கறுப்பு எழுத்து கரைந்து பஞ்சில் ஏறியது. லண்டன் போயிற்று, பெரிய பெயர் போயிற்று. துடைத்துக்கொண்டே வந்தவன் கையை நிறுத்தி, முகத்தை முகப்புக்கு அருகே கொண்டுபோனான். “சார், உங்க கண்ணாடி இருக்கா?”

வெள்ளைப் பூச்சில், முன்னால் எழுதியிருந்த வேறு எழுத்தின் தடம், சுரண்டிய பிறகும் சாம்பல் நிறத்தில் மிச்சம் இருந்தது. பிண்டர் படிக்கிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாசிப்பது மாதிரி எழுத்தெழுத்தாகச் சொன்னார். ‘ஜாப் கிரிம்மெட்.’ கீழே ஊர் பெயர். ‘ஹால்டர்ஸ்பி.’

லென்தான் முதலில் வாய்திறந்தான். பெயர் எழுதுகிற வேலை முழுக்கக் கிளிஃபர்டுடையது, தான் பெட்டிக்கு மெருகு போட்டதோடு சரி, அடியில் இது இருந்தது சத்தியமாகத் தெரியாது என்றான். பின்கதவைத் திறந்து இயந்திரத்தையும் பார்த்தான். எதுவும் மாற்றியதில்லை, முழுக்க அந்தக் காலத்துதான்.

“அப்ப கடிகாரம் அசல்” என்றார் பிண்டர். “நம்ம ஊர்க்காரன் செஞ்சது. லண்டன்காரன்னாத்தான் விலை வரும்னு இவன் பேரைச் சுரண்டிட்டான் உன் புருஷன்.”

அதுவரை அத்தனை வீட்டு வசவுக்கும் கலங்காத ஆலிவ் அப்போதுதான் அழுதாள். கிளிஃபர்ட் செத்ததற்குக்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிண்டர் அவளை உட்காரச் சொல்லி, தானே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் பழைய தேவாலயப் பதிவுகளைப் புரட்டி, ஜாப் கிரிம்மெட் எங்கள் தெருவில், இப்போது செருப்புக்கடை இருக்கும் இடத்தில்தான் கடை வைத்திருந்தார் என்று கண்டுபிடித்தார். பள்ளியில் வந்து அதைப் பற்றிப் பேசவும் செய்தார். தன் விரலுக்கு இப்போது பலமில்லை என்று சொல்லி, லென்னை வாராவாரம் கூப்பிட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கச் சொல்வார். நிஜமாகவே பலமில்லையா, சாக்கா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் ஆலிவுக்கு ரொம்பக் கஷ்டம். மாடி அறைகளை வாடகைக்கு விட்டாள். குளிர்காலத்தில் ஒரே அறையில் நெருப்புப் போட்டாள். மற்ற வியாபாரிகள் ஏலத்தில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பிறகு ஒரு நாள் லண்டனிலிருந்து ஒரு வியாபாரி வந்து, ஒரு சாமானையும் கவிழ்க்காமல், சீட்டை மட்டும் படித்துவிட்டு மூன்றை வாங்கிப் போனான். அவன் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஆலிவ் சோவர்பி எழுதிக் கொடுத்தால் அடியில் பார்க்க வேண்டாம் என்று வெளியூர்களில் பேச்சானது. லென் தான் தொட்ட சாமான்களின் உள்ளே தன் பெயரையும் வருஷத்தையும் முத்திரையாக அடித்துக் கொடுத்தான். அவன் செய்த நாற்காலியே வேண்டும் என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஜெர்வேஸ் லில் கூட ஒரு தடவை ஒரு மேசையை எடுத்துவந்து, இது சரியானதுதானா என்று அவளிடம் கேட்டார். இல்லை என்றாள்.

1997-இல் கடையைக் கொடுத்துவிட்டு, மாடுகளை விற்றிருந்த டார்கஸ் ராக்கோடு கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டில் போய் இருந்தாள். நான் போனபோது வீட்டில் ஒரு பழஞ்சாமான் இல்லை. எல்லாம் கடையில் வாங்கிய புதுசு, சுவரில் பேட்டரி கடிகாரம். சாவி கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது என்றாள்.

கிளிஃபர்டின் படம் மட்டும் படுக்கைப் பக்கத்தில் இருந்தது. இதை எப்படி வைத்துக்கொள்ள முடிகிறது என்று கேட்டேன்.

“நல்லா டான்ஸ் ஆடுவார்” என்றாள் ஆலிவ். “ஏமாத்துவார். ரெண்டும் அவர்தான். இருபத்தேழு வருஷம் கூட இருந்துட்டு, ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னா எப்படி?”

வெளியே டார்கஸ் கார் ஹாரனை விடாமல் அடித்தாள். கடல் உள்வாங்கி மணல் தெரிகிறதாம், நடக்கப் போகவேண்டும். ஆலிவ் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு தொப்பியை நீட்டினாள்.