திரையில் இல்லாத பொத்தான்

ஜீவிதாவுக்குச் சிறுசேரியில் வேலை. கடைகளும் மருத்துவமனைகளும் பணம் வாங்கப் பயன்படுத்தும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரமாக, யாரோடும் அதிகம் பேசாமல் ஆறு வருடமாகப் போய் வருகிறாள். எதை அமுக்கக் கூடாதோ அதை அமுக்கிப் பார்ப்பதுதான் தன் தொழில் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

மார்ச்சில் ஓர் ஓட்டை அவள் கண்ணில் பட்டது. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் பொத்தான் மேனேஜரின் திரையில் மட்டும்தான் வரும். ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரியை நேராக அடித்தால் யாருக்கும் திறந்தது. நீ யார் என்று கேட்கவே இல்லை. எந்தக் கேஷியரின் எண்ணைப் போட்டாலும் அவர் செய்ததாகவே பதிவானது. குறைப் பதிவில் 'மிகவும் ஆபத்து' என்று எழுதினாள். டீம் லீட் ராஜகோபாலன் சிரித்தார்.

"அவங்க ஸ்க்ரீன்ல பட்டனே வராதும்மா. அட்ரஸ் அடிச்சு எவன் உள்ள வரப்போறான்? வெள்ளிக்கிழமை ரிலீஸ். சின்னதுன்னு மாத்தி மூடிடு."

மாற்றினாள். மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கடையிலிருந்து புகார் வந்தது. மருந்து எதுவும் திரும்பி வராமலே பதினான்கு முறை பணம் திரும்பிப் போயிருந்தது, எல்லாம் சரோஜினி என்ற கேஷியரின் எண்ணில். அவரை அதற்குள் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். ஜீவிதா பதிவுகளைத் திறந்து பார்த்தாள். அதே வழி. ஒன்றுகூட சரோஜினியின் கவுன்டர் கணினியிலிருந்து போகவில்லை. ராஜகோபாலன் ஓட்டையை அன்றே அடைக்கச் சொன்னார். மருத்துவமனைக்கு ஓட்டையைப் பற்றிச் சொல்லாமல், 'மென்பொருளின் வேகம் கூட்டப்பட்டது' என்று மட்டும் எழுதினால் போதும் என்றார்.

சரோஜினிக்குக் கொடுத்த நோட்டீஸின் நகலும் புகாரோடு வந்திருந்தது, அதில் அவர் வீட்டு முகவரி இருந்தது. சனிக்கிழமை பம்மலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்த சரோஜினி, கதவைப் பிடித்தபடியே, தான் எதையும் தொடவில்லை என்று ஆரம்பித்தார். பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

"தெரியும்க்கா. நீங்க பண்ணல," என்றாள் ஜீவிதா. "அதுல ஓட்டை இருக்குன்னு எனக்கு மார்ச்லயே தெரியும்."

சரோஜினி கதவிலிருந்து கையை எடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து ஜீவிதா நின்றாள்.

"எம் பொண்ணு கேட்டாம்மா. நெஜமா சொல்லு, எடுத்தியான்னு."

பிறகு உள்ளே போய் மகளின் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நடந்தது அத்தனையும் ஜீவிதா எழுதினாள்: மார்ச், மாற்றியது, மாற்றியவர் பெயர். அடியில் கையெழுத்தும் கம்பெனியில் தன் பணியாளர் எண்ணும். திங்கட்கிழமை தனக்கு வேலை இருக்காது என்று தெரிந்தேதான் எழுதினாள்.

சரோஜினி அந்தத் தாளைக் கிழித்தெடுத்து இரண்டு முறை படித்தார்.

"ஆஸ்பத்திரிக்கு அப்பறம் குடுத்துக்கலாம். மொதல்ல அவ படிக்கட்டும்," என்றார். "படிச்சாலும், அவ என்னக் கேட்டது கேட்டதுதான்."

காகிதத்தை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு மகள் வருவாள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். ஜீவிதாவைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.