கணுக்காலில் ஒரு ஸ்க்ரூ, கோட்டுக்குக் கீழே

இன்று தஞ்சாவூரில் ஒரு எக்ஸ்ரேவுக்கு முன்னால் நகராமல் நின்றேன்.

என் மகள் யாழினியின் கணுக்கால். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் உடைந்தது.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் குத்தகை வயலில் குறுவை நடவு. டீ கொண்டுவந்தவள் வாய்க்காலைத் தாண்டிக் குதித்தாள். பாதம் சேற்றில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது.

சுளுக்கு என்றுதான் நினைத்தோம். மன்னார்குடியில் எக்ஸ்ரே எடுத்தவர்கள் உடனே தஞ்சாவூருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரேயில் மெல்லிய கோடு ஒன்றைக் காட்டினார். பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வது அந்தக் கோட்டில்தானாம். வளர்ந்து முடிந்ததும் மூடிக்கொள்ளுமாம். அதற்குக் கீழே ஒரு துண்டு பெயர்ந்து விலகியிருந்தது.

ஸ்க்ரூ போட இரண்டு வழி என்று எக்ஸ்ரே கவரிலேயே படம் வரைந்தார்.

ஒன்று, சாய்வாகக் கோட்டைத் தாண்டி மேல் எலும்புவரை ஏற்றுவது. போடுவது சுலபம், பிடியும் நன்றாக இருக்கும். ஆனால் வளர்ச்சி நிறைய பாக்கி இருந்தால் கோடு கெட்டு, கால் கோணலாகலாம்.

இன்னொன்று, கோட்டைத் தொடாமல் அதற்குக் கீழே படுக்கைவாட்டில் செலுத்துவது. இடம் ரொம்பக் குறைவு. எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

எது என்று முடிவு செய்ய அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பொண்ணு எப்ப வயசுக்கு வந்தா?"

அறையில் பயிற்சி டாக்டர் பையன்கள் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தலைகுனிந்தேன். (கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் வைத்து ஊருக்கே சொன்ன விஷயம்தான்.)

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த யாழினிதான் பதில் சொன்னாள்.

"இந்தத் தை மாசம், டாக்டர். பொங்கல் முடிஞ்சு."

"ஆறு மாசம்கூட ஆகல. அப்ப இன்னும் வளர வேண்டியது இருக்கு. கோட்டைத் தொட வேணாம், கீழயே போட்டுடலாம்."

ஆபரேஷன் முடியும்வரை நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு மாவுக்கட்டு, வாக்கர், ஒவ்வொரு செக்கப்பிலும் கால் கோணாமல் வளர்கிறதா என்ற பயம்.

இன்று இரண்டு கால்களின் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். ஸ்க்ரூ இல்லையென்றால் எது உடைந்த கால் என்று எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டிலும் அந்தக் கோடு மூடிவிட்டது. ஒரே உயரம், ஒரே நேர். உள்ளே அந்த எலும்பு தன்பாட்டுக்கு வளர்ந்து, நேரம் வந்ததும் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு விரல் அகலம்கூட இல்லாத இடத்தில் அந்தம்மா அதற்கு வழிவிட்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

யாழினிக்கு வேறு கவலை.

"அப்ப நான் இனிமே வளர மாட்டேனா, டாக்டர்?"

"கணுக்கால்ல முடிஞ்சிடுச்சும்மா. முட்டிகிட்ட இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் சீட் காலியாக இருந்தது. மன்னார்குடி வரும்வரை அவள் உட்காரவே இல்லை; மேல் கம்பியைப் பிடித்து எக்கித் தொங்கிக்கொண்டே வந்தாள்.