ஜெயசீலனின் காதில் பழுதில்லை

பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் தபேலாக்காரர் இசக்கிமுத்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "அண்ணாச்சி, சீலன் போயிட்டாரு. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிட்டு." வாயில் நுரையோடு நான் கேட்ட முதல் கேள்வியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "என்னைப் பத்தி எதாவது சொன்னாரா வே?" என்று கேட்டேன்.

ஜெயசீலன் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். முகூர்த்த நாள்களிலும் கோயில் கொடை, திருவிழா நாள்களிலும் எங்கள் குழுவின் லீட் கிட்டார். ஒன்பது வருடம் எனக்கு இடப்பக்கம் நின்று வாசித்தார். நான் கீபோர்டு. குழுவும் என்னுடையது என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், தெருவில் போகிற ஐஸ் வண்டியின் மணி என்ன சுருதி என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார். "கம்பி பொய் சொல்லாது அண்ணாச்சி. சொன்னா காதுதான் சொல்லும்" என்பது அவர் வாக்கு.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. நான் ஏற்படுத்தியதுதான். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டி எல்லா வாத்தியங்களுக்கும் சந்தனம் வைப்பேன். கிட்டாருக்கு நெற்றி எது? கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடம்தானே? அங்கே ஒரு சின்ன வெள்ளைக் கட்டை இருக்கும். அதில் வெட்டிய ஆறு காடிகளில், அந்தச் சின்னப் பள்ளங்களில்தான் ஆறு கம்பிகளும் படிந்து போகும். நான் கட்டைவிரலால் அங்கேதான் அழுத்தமாக அப்புவேன். ஜெயசீலன் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் கிட்டாரைச் சாய்த்து நீட்டுவார். "நல்லா வைங்க அண்ணாச்சி, எல்லாம் ஒரே சாமிதான்" என்பார். கம்பி மாற்றும்போதுகூட அந்த இடத்தில் துணி படாது. நான் வைத்த பொட்டை அழிப்பது மரியாதை இல்லையாம்.

தொண்ணூற்று நாலு வாக்கில் அந்தக் கிட்டார் சுருதியில் நிற்க மறுத்தது. மேடைக்குப் பின்னால் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டு வருவார், இரண்டாவது பாட்டிலேயே கலைந்துவிடும். மனிதர் தலைகீழாக நின்று பார்த்தார். புதுக்கம்பி போட்டு, விரலால் இழுத்து இழுத்துப் பழக்கினார். கம்பியை முறுக்குகிற ஆணியில் சுற்று அதிகமோ என்று குறைத்துச் சுற்றினார். கடைசியில் ஆறு ஆணிகளையுமே சென்னையிலிருந்து வரவழைத்து மாற்றினார். "சுருதியைக் கீழேருந்து மேலதான் ஏத்தணும் அண்ணாச்சி, மேலேருந்து இறக்குனா கம்பி நிக்காது" என்று எனக்கே விளக்கம் சொல்வார். உவரித் திருவிழாவில் கடற்காற்றைக் குற்றம் சொன்னோம். திருநெல்வேலியில் ஏது கடற்காற்று? இசக்கிமுத்து கேலி செய்வார்: "கிட்டாருக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையும் வே, ஒரு எடத்துல நிக்கும்." சீலனும் சேர்ந்து சிரிப்பார்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டுக்கு முன்னால் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம். கம்பி சுருதி இறங்கிக் கிடந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. எழுந்து போய் அவருடைய ஒயரைப் பிடுங்கினேன். "உமக்குக் காது செத்துப்போச்சு வே" என்றேன். மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலையில் உறையோடு கிட்டாரைக் கொண்டுவந்து என் வீட்டு நாற்காலியில் வைத்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. இது குழுவுலேயே கெடக்கட்டும்" என்றார். காபி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மேடையேறவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கிட்டாரை ஜங்ஷனில் ஆர்மோனியம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். கம்பிகளைத் தளர்த்தி அந்த வெள்ளைக் கட்டையின் காடிகளை ஊசியால் சுரண்டினார். மஞ்சளாக, சிமெண்டு மாதிரி இறுகிப்போன சந்தனம் உதிர்ந்தது. "கம்பி இதுல ஒட்டிக்கிட்டா எப்படி நகரும்? வாசிக்கையில இழுத்தா வழுக்கி வேற எடத்துல நிக்கும். எவன் வே இங்கன சந்தனத்தை அப்புனது?" என்றார். தெரியவில்லை என்றேன். பென்சிலைக் கூராக்கி, கம்பி தடையில்லாமல் நகரட்டும் என்று காடிகளில் தேய்த்துவிட்டுக் கம்பியை முறுக்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கிட்டார் பிசகியதில்லை. நான் சத்தமில்லாமல் சந்தனத்தைக் கிட்டாரின் முதுகுக்கு மாற்றினேன்.

அதற்குப் பிறகு அவர் இருந்த மூன்று வருடமும் சீலனிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஒருநாள் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சுருதி இப்ப நிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். "நிக்கு" என்றேன். "அப்போ காதுதான்" என்று தலையை ஆட்டினார். முருகன்குறிச்சியில் இறங்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. வாயைத் தைத்து வைத்தாற்போல உட்கார்ந்திருந்தேன். என் கௌரவம் அவ்வளவு பெரிது.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "சர்ச்சுல எல்லாரும் பாடும்போதுகூட அவுக வாயை மட்டும் அசைப்பாக அண்ணாச்சி. நம்மளால பக்கத்துல நிக்கவுக சுருதி கெட்டுரக் கூடாதும்பாக. காது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். ஒரு கோளாறும் இல்லன்னாரு. டாக்டருக்கு என்ன தெரியும், அண்ணாச்சியே சொல்லிட்டாகன்னு வந்துட்டாக."

அப்போது சொன்னேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சந்தனம், ஊசி, பென்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "பஸ்ஸுலயாவது சொல்லிருக்கலாம்லா" என்றார். பிறகு அடுத்து வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட எழுந்து போனார்.

அவரோடு வாசித்த நம் எல்லோரிடமும் அவர் நினைவாக ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது அந்த "அப்போ காதுதான்" என்ற இரண்டு வார்த்தை. சீலன், உம்ம காதுக்கு ஒன்றும் ஆகவில்லை வே. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி உம்மைக் குறை சொன்னேன். இதைக் கேட்க வேண்டிய நேரத்தில் நீர் இல்லை.