பாலில் போட்ட பல்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஷிஜா உதவியாளர். கணவன் பிரஜினுக்கு மஸ்கட்டில் ஓட்டல் வேலை. ஒருநாள் அங்கே அவன் படியில் வழுக்கி விழுந்ததில் முன்பல் வேரோடு கழன்றுவிட்டது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு முதலில் அவளைத்தான் அழைத்தான்.

"பல்லு எங்க?" என்றாள் ஷிஜா.

"கையில இருக்கு. களஞ்சிரட்டா?"

"ஐயோ, களையாதீங்க! வேர்ல கை படாம பால்ல போட்டு, இப்பமே டாக்டர்ட்ட ஓடுங்க, கேட்டோ!"

அதட்டிவிட்டாளே தவிர, அவளுக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் அவன் படம் அனுப்பினான். பல்லைத் திரும்பப் பொருத்திக் கம்பி கட்டியிருந்தார்கள். வேலைப் பழக்கத்தில் அவள் முதலில் பல்லைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். நேராக இருந்தது. பிறகு, வீங்கிய உதட்டோடு சிரிக்கும் அவன் முகத்தைப் பார்த்து அழுதாள்.