லேடீஸ் பெட்டிக்கு அடுத்த பெட்டி

போன சனிக்கிழமை காலை வீட்டில் ஒரு பொய் சொன்னேன். "சலூனுக்குப் போய்ட்டு வரேன்." போனது செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு. பிளாட்பாரத்தில் எடை பார்க்கிற மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.

காரணம் இருக்கிறது. என் மூத்த மகள் பவித்ராவை இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள் - குளியலறைக்குள் வந்த தேளைப் பிளாஸ்டிக் மக்கால் கவிழ்த்து மூடிவிட்டு, "அப்பா, நீ கட்டில்லேர்ந்து எறங்கலாம்" என்றவள். வயது பதினொன்று. ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தேர்வு எழுதி, ஆறாம் வகுப்பில் தானே இடம் வாங்கிவிட்டாள். எங்களுக்கு வீடு செங்கல்பட்டில். அதாவது, ஜூன் முதல் தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின். தனியாக!

"ஏன், இந்த ஊர்ல ஸ்கூலே இல்லையா?" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "அப்பா, சனிக்கிழமை நானும் சிந்துவும் மட்டும் சித்தி வீட்டுக்கு ட்ரெயின்ல போறோம். ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா அந்த ஸ்கூல். ஏதாவது சொதப்பினா நீ சொல்ற ஸ்கூல். சரியா?" என்றாள். சித்தி வீடு ஊரப்பாக்கம். சிந்து என் இளையவள். ஏழு வயது. தனியாகப் போவதே பரீட்சை - அதில் தங்கையையும் இடுப்பில் கட்டிக்கொள்வானேன்? "அவளும் வந்தாத்தான் நெஜமான டெஸ்ட்" என்றாள்.

என் மனைவி உடனே தலையாட்டிவிட்டாள். "ஏங்க, லேடீஸ் பெட்டியில ஏத்திவிட்டா போதும். பெட்டியே பாத்துக்கும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் பாடம் நடத்தினேன். வாசல் பக்கம் நிற்காதே. யார் எது கொடுத்தாலும் வாங்காதே. தெரியாதவர்களிடம் பேசாதே. ஊரப்பாக்கத்தைத் தவறவிட்டால் பதறாமல் இறங்கி, காயின் போனில் பக்கத்து வீட்டு நம்பருக்குப் பேசு. கையில் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டைத் திணித்தேன். இவ்வளவும் சொன்னவன் நிம்மதியாகத் தூங்க வேண்டுமா, இல்லையா? தூங்கவில்லை...

மனைவி இரண்டு பேரையும் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் அடுத்த பெட்டியில் தாவி ஏறினேன். கொளவாய் ஏரி ஜன்னலில் ஓடியது. எப்போதும் ரசிக்கிற ஏரி. அன்று அதில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்றுதான் தோன்றியது.

பரனூரில் குதித்து இறங்கி, லேடீஸ் பெட்டி ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஏறினேன். சிங்கபெருமாள் கோயிலிலும் அதே. மறைமலை நகரிலும் அதே. பார்த்தது என்ன தெரியுமா? பவித்ரா வாசலுக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சிந்துவின் மடியில் ஒரு காகிதம். அதில் வரிசையாக ஸ்டேஷன் பெயர்கள். வண்டி நிற்க நிற்க சிந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள். தங்கை கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் வாசல் பக்கம் போக மாட்டாள் - இது எனக்குத் தோன்றியிருக்குமா? சத்தியமாகத் தோன்றியிருக்காது.

கூடுவாஞ்சேரியில் ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வண்டியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. இறங்கி, லேடீஸ் பெட்டி ஜன்னல் பக்கம் போய் நிதானமாகவே எட்டிப் பார்த்தேன்.

"யோவ்! இன்னாய்யா, லேடீஸ் பெட்டிய எட்டி எட்டிப் பாத்துகினு கீற?"

உள்ளே ஜன்னலோரம் ஒரு பூக்காரம்மா. மடியில் பந்து பந்தாகக் கனகாம்பரம். "பரனூர்லேர்ந்து உன்ன நோட் பண்ணிகினுதான் வரேன். போலீஸக் கூப்புடவா?"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இல்லம்மா... என் பொண்ணுங்க... உள்ளே இருக்காங்க..." என்று குழறினேன். திருடன்கூட என்னைவிடத் தெளிவாகப் பேசியிருப்பான்.

பூக்காரம்மா சிந்துவைக் கேட்டார். "ஏ பாப்பா, இந்த ஆளு உங்க நைனாவா?"

சிந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "எங்கப்பா சலூனுக்குப் போயிருக்காரு" என்றாள்.

குழந்தை என்ன செய்வாள்? காலையில் நான் சொன்னதைத்தானே சொன்னாள்! மூன்று பெண்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தர் கையில் குடை.

அப்போது பவித்ரா எழுந்தாள். முதல் வேலையாகத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் ஜன்னலுக்கு வந்தாள்.

"எங்கப்பாதான் ஆன்ட்டி. கொஞ்சம் பயப்படுவாரு."

பெட்டி குலுங்கிச் சிரித்தது. பூக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா சார் நீ? பொண்ணு எம்மாம் தெளிவா கீது. நீ போய் நிம்மதியா குந்து" என்றார்.

பவித்ரா ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டினாள். உள்ளங்கையில் நான் கொடுத்த நாணயங்களில் ஒன்று. "இது உன்கிட்ட இருக்கட்டும்பா. நீ எறங்காம விட்டுட்டா போன் பண்ணு."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஜாக்கிரதை கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, நம் பயத்தை அல்லவா மடித்து டிபன் பாக்ஸில் வைத்து அனுப்புகிறோம்? என் மகள் அதிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஊரப்பாக்கம் வந்தது. இரண்டு பேரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். சிந்து கடைசி டிக்கை அடித்துவிட்டு, "அப்பா! சலூன் முடிஞ்சிதா?" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

ரயிலில் இருந்து இறங்கினால் என் மனைவி உடனே நடக்க மாட்டாள். கூட்டம் விலகும்வரை நின்று, விரல் நீட்டித் தலைகளை எண்ணுவாள். பவித்ராவும் அப்படியே நின்றாள். விரலை நீட்டினாள். "சிந்து ஒண்ணு... அப்பா ரெண்டு... சரி, வாங்க போலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை, என்னை எண்ணுகிறாள்!

நாலடி போனவள் திரும்பினாள். அதுவரை இருந்த பெரிய மனுஷி முகம் இல்லை. தேர்வு முடிவுக்கு நிற்கிற பதினொரு வயது முகம். "அப்பா... நான் பாஸா?"

"நீ பாஸ். நான்தான் ஃபெயில்" என்றேன்.

ஜூன் முதல் மகள் ரயிலுக்குப் போவாள். அப்பா, நிஜமாகவே சலூனுக்குப் போவார்!