டிகிரி இறங்கிய சீரம்

முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு சீரம் விட்டு, அது காய்கிறவரை சட்டைக் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் முருகேஷ் காலைப் பால் அளக்கத் தொடங்குவார். வத்தல்மலை அடிவாரத்துப் பால் சொசைட்டியில் அவர்தான் டெஸ்டர். ஒரு கையால் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார். கண் மட்டும் அடிக்கடி இன்னொரு கையின் மடிப்புக்குப் போய்வரும்.

"என்னா தம்பி, கையி செவந்து கெடக்குது? கொசுவா?" என்பார் கேன் கொண்டுவரும் தீர்த்தம்மாள்.

"கொசு இல்லிங்கக்கா, டெஸ்டிங்கு. உங்க பாலுல டிகிரி எறங்கிக் கெடக்குதே, மொதல்ல அதச் சொல்லுங்க" என்று பேச்சை அவர் பக்கமே திருப்பிவிடுவார். பாலில் தண்ணீர் சேர்ந்தால் டிகிரி இறங்கும். முருகேஷின் கண்ணில் மண்ணைத் தூவி அந்த ஊரில் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்துவிட முடியாது.

கைமடிப்புச் சோதனை மனைவி சுகுணாவின் முகத்துக்காக. எண்ணெய் வழிகிற முகம். எதைப் போட்டாலும் எரிகிற முகமும்கூட. போன தையில் யாரோ கொடுத்த சிவப்பழகு க்ரீம் கன்னத்தைப் பொரித்துத் தழும்பாக்கிவிட்டது. அன்றிலிருந்து வாசலில் ஆள் அரவம் கேட்டாலே முந்தானை முகத்துக்கு ஏறிவிடும். ஆவணியில் சுகுணாவின் தம்பி அருண்குமாருக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் கல்யாணம். அக்காதான் முன்னின்று நலங்கு வைக்க வேண்டும். "நான் வரலிங்க. நீங்க மட்டும் போயிட்டு வந்துருங்க" என்று சுகுணா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

முகத்துக்குப் பூசும் சீரத்தை வீட்டிலேயே கலக்க முருகேஷ் இறங்கிவிட்டார். தருமபுரி போய் மருந்துக்கடையில் காய்ச்சி வடித்த தண்ணீரும் கிளிசரினும் வாங்கி வந்தார். முகத்தில் எண்ணெய் வழிவதைக் குறைக்கும் நியாசினமைடு என்ற வெள்ளைப் பொடி கூரியரில் வந்தது. சமையல் மேடையின் ஒரு மூலை அவர் வசமானது. வீடியோவைப் பார்த்து முதலில் எலுமிச்சைச் சாறு சேர்த்தார். கை நெருப்பாய் எரிந்தது. எலுமிச்சை ரசத்துக்கே திரும்பிப் போனது. மணத்துக்குப் பன்னீர் விட்டார்; அரிப்பெடுத்தது. கையில் தேறினால் காதுக்குப் பின்னால், அங்கேயும் தேறினால் தன் கன்னத்தில், அதற்குப் பிறகே சுகுணா. "பாலு கெட்டா நாத்தம் சொல்லிடும். இது கெட்டாச் சொல்லாது" என்று வாரந்தோறும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவார்.

இவ்வளவு நிதானமான மனிதர் ஒரே ஒரு இடத்தில் கோட்டைவிட்டார். காலமெல்லாம் பாலில் கொழுப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தண்ணியாக எது இருந்தாலும் அது கலப்படம்தான். அதனால் பாதாம் எண்ணெயையும் கிளிசரினையும் தாராளமாகச் சேர்த்தார். பாட்டிலைச் சாய்த்தால், சுண்டக் காய்ச்சிய எருமைப்பாலாக மெதுவாக இறங்க வேண்டும் அவருக்கு. அவருடைய தோல் தாங்கியது. சுகுணாவின் தாடையில் வரிசையாகப் பருக்கள் கிளம்பின.

"ஏங்க, ஏற்கெனவே எண்ணெ வடியற மூஞ்சிங்க இது. இதுல இன்னும் கொழுப்ப ஏத்துனா என்னாத்துக்கு ஆவும்?" என்று சுகுணா கேட்டார். கோபம்கூட இல்லை, அழுது ஓய்ந்த குரல். அன்று சாயங்காலம் முருகேஷ் ஒருவரையும் அதட்டாமல் பால் அளந்ததில் ஊருக்கே ஆச்சரியம்.

அடுத்த கலவையில் எண்ணெய் கிடையாது. கிளிசரின் பேருக்கு. பொடியும் பாதியானது. மற்றதெல்லாம் தண்ணீர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "சொசைட்டிக்கு வந்திருந்தா கேனோட திருப்பி அனுப்பியிருப்பன்" என்று முணுமுணுத்தபடியே தன் கையில் விட்டார். சிவக்கவில்லை. காதுக்குப் பின்னாலும் கன்னத்திலும்கூடச் சிவக்கவில்லை. இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த சுகுணா, வளையலை மேலே தள்ளித் தன் கையை நீட்டினார்.

ஆடி முழுக்க அந்தத் தண்ணீர்தான். தழும்பு போகவில்லை, பருவும் ஒன்றிரண்டு உண்டு. எரிச்சல் மட்டும் அடங்கிவிட்டது.

நலங்கு நாள் காலை. வருகிறாயா என்று கேட்கத் துணிவில்லாமல் முருகேஷ் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. பட்டுப்புடவையில் சுகுணா நின்றார். அந்த நேரம் பார்த்துத் தீர்த்தம்மாள் கேனோடு எதிரே வர, முந்தானை வழக்கம்போலக் கன்னத்துக்கு ஏறியது.

"என்னா சுகுணா, தம்பி கல்யாணத்துக்கா?" என்று கிட்டத்தில் வந்து நின்றார் தீர்த்தம்மாள்.

"ஆமாங்கக்கா" என்ற சுகுணா, முந்தானையை இறக்கி இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.